மிதிக்காமல் எவ்வளவு தூரம்?

ஊட்டியிலிருந்து சைக்கிளில் கீழே இறங்கப் பல வழிகள் உண்டு. குன்னூர், பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் போகலாம். கோத்தகிரியைச் சுற்றியும் அதே மேட்டுப்பாளையத்தை அடையலாம். கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கலாம். பைக்காரா, நடுவட்டம் தாண்டிக் கூடலூர் சேரலாம். புறப்படும் ஊர் ஒன்று, புறப்படும் உயரமும் ஒன்று. ஆனாலும் நான்கும் நான்கு விதமான பயணங்கள். கூடலூர் சாலை பைக்காரா வரைக்கும் பீடபூமியின் மேலேயே ஏறுவதும் இறங்குவதுமாகப் போகிறது. கோத்தகிரிக்குப் போக வேண்டுமானால் முதலில் தொட்டபெட்டா பிரிவு வரை மூச்சு வாங்க மிதிக்க வேண்டும். கல்லட்டிச் சாலை 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக விழுகிறது. அதில் இறங்குகிறவரின் விரல்கள் பிரேக்கை விட்டு எடுபடாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலை மட்டும் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தை முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு நிதானமாகப் பரப்பிக் கொடுக்கிறது.

நீண்ட இறக்கம் தேடுகிறவர்கள் வரைபடத்தில் முதலில் தேடுவது உயரமான புள்ளியை. அங்கே ஒரு சாலை போகிறதா என்று பார்ப்பார்கள், போனால் மகிழ்ச்சி. இந்தத் தேடல் தப்பான முனையில் தொடங்குகிறது என்பது என் கருத்து. உயரம் எவ்வளவு என்பதைவிட அது எந்தச் சரிவில் செலவாகிறது, வழியில் எத்தனை இடங்களில் திரும்பவும் ஏற வைக்கிறது என்ற இரண்டும்தான் பயணத்தின் நீளத்தை முடிவு செய்கின்றன.

சைக்கிள் தானாக உருளும்போது அதன்மேல் மூன்று விசைகள் செயல்படுகின்றன. ஈர்ப்பு கீழே இழுக்கிறது. டயர் சாலையில் நசுங்கி நிமிர்வதால் உண்டாகும் உருளல் தடை பின்னால் பிடிக்கிறது. காற்று எதிரே நின்று தடுக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும் சாலையை 1 விழுக்காடு சரிவு என்கிறோம். அந்தச் சரிவில் ஈர்ப்பு அவரை முன்னால் இழுக்கும் விசை சுமார் 8 நியூட்டன். நல்ல தார்ச்சாலையில், காற்று சரியாக அடித்த டயரின் உருளல் தடை சுமார் 5 நியூட்டன். மிச்சம் இருப்பது மூன்றே நியூட்டன். அதை வைத்துத்தான் காற்றோடு மோத வேண்டும். உருளல் தடை வேகத்தோடு பெரிதாக மாறாது. காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. இழுக்கும் விசையும் தடுக்கும் விசையும் சமமாகும் இடத்தில் வேகம் நிலைத்துவிடும்.

கணக்குப் போட்டால் 1 விழுக்காடு சரிவில் நம் ஆள் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் நிலைப்பார். டயரில் காற்று குறைந்திருந்தாலோ, தார் பெயர்ந்திருந்தாலோ அதுவும் கிடைக்காது, சைக்கிள் நின்றுவிடும். 2 விழுக்காட்டில் 22 கிலோமீட்டர். 3 விழுக்காட்டில் 29. 5 விழுக்காட்டில் 40. 8 விழுக்காட்டில் 52, பத்தில் 58. முதலிரண்டு படிகளில் வேகம் தாவி ஏறுகிறது. பிறகு காற்று அதை அமுக்கிவிடுகிறது. சரிவு ஐந்திலிருந்து பத்தாக இரட்டித்தாலும் வேகம் பாதிக்கும் குறைவாகத்தான் கூடுகிறது.

இப்போது இதே எண்களைத் தூரமாக மாற்றிப் பார்க்கலாம். கையில் 1,000 மீட்டர் உயரம் இருக்கிறது. 8 விழுக்காடு சரிவில் அது பன்னிரண்டரை கிலோமீட்டரில் தீர்ந்துபோகும். அதிலும் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிப்பதிலேயே பெரும்பகுதி வீணாகும். 3 விழுக்காடு சரிவில் அதே உயரம் 33 கிலோமீட்டர் வரும், பிரேக்குக்கு வேலையே குறைவு. இரண்டுக்குக் கீழே போனால் லேசான எதிர்க்காற்று நிறுத்திவிடும். ஆறுக்கு மேல் போனால் உயரம் பிரேக்கில் சூடாகக் கரையும். நீண்ட இறக்கம் என்பது இந்த இடைவெளிக்குள் இருக்கிறது. நான் தேடுவது 3 முதல் 5 வரை.

இந்தச் சரிவுகளைச் சைக்கிளுக்காக யாரும் போடவில்லை. சுமை வண்டி இழுக்கும் மாட்டாலும் குதிரையாலும் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் வண்டிச் சாலை போட்ட பொறியாளர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி, சரிவு ஓர் அளவுக்கு மேல் போகாதபடி கோடு இழுத்தார்கள். குன்னூருக்குக் கீழே லாஸ் அருவி இருக்கிறது. குன்னூர் மலைச்சாலையைப் போட்ட லா என்ற பொறியாளரின் பெயர் அது. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் சாலைக்கும் லாஸ் காட் என்றுதான் பெயர், அவர் அளந்து வகுத்த வழி என்பதால். அந்தக் கொடைக்கானல் சாலை தமிழ்நாட்டின் நல்ல இறக்கங்களில் ஒன்று: உயரம் ஊட்டியைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் இறக்கம் ஐம்பது கிலோமீட்டரை ஒட்டி நீள்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் படத்தில் பார்ப்பவர்கள் அதுதான் இறக்கத்தின் உச்சம் என்று நினைப்பார்கள். நெருக்கமான கொண்டை ஊசிகள் நெட்டுக்குத்தான மலைமுகத்தின் அடையாளம். இறக்கத்தின் நீளத்தை அவை சொல்வதில்லை.

மாட்டைவிட மென்மையான சரிவைக் கேட்டது நீராவி இன்ஜின். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால் சாதாரண ரயில் பாதைகள் 2 விழுக்காட்டைத் தாண்டுவதே அரிது. (நீலகிரி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 8 விழுக்காட்டுக்கு மேல் ஏறுகிறது என்றால், அதற்குத் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்திருப்பதுதான் காரணம்.) அதனால் கைவிடப்பட்ட ரயில் பாதை எங்கே இருக்கிறதோ அங்கே மென்மையான இறக்கம் உண்டு. அமெரிக்காவில் ஐடஹோவும் மொன்டானாவும் சந்திக்கும் மலைகளில் மில்வாக்கி ரோடு என்ற ரயில் நிறுவனம் 1980இல் கைவிட்ட தடம் ஒன்று இன்று ஹயவாதா பாதை என்ற சைக்கிள் பாதையாகியிருக்கிறது. நீளம் 24 கிலோமீட்டர், சரிவு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. தொடக்கத்திலேயே 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள இருட்டுச் சுரங்கம், அதன்பின் பள்ளத்தாக்குகளைத் தாண்டும் உயரமான பாலங்கள். குழந்தைகளும் முதியவர்களும் அதில் இறங்குகிறார்கள். மேலே திரும்ப பஸ் இருக்கிறது. பள்ளம் வந்தால் பாலம், மேடு வந்தால் சுரங்கம் என்று ரயில்காரர்கள் செலவழித்த பணம்தான் அங்கே இடையேற்றம் இல்லாமல் செய்திருக்கிறது.

இயற்கையும் சில இடங்களில் இந்த வேலையைச் செய்துவைத்திருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் மாவி என்ற தீவில் ஹலேயாகலா எரிமலை கடலிலிருந்து 3,055 மீட்டர் எழுகிறது. உச்சியிலிருந்து கடற்கரை ஊரான பாயியா வரை 58 கிலோமீட்டர் போலச் சாலை, சராசரி 5 விழுக்காட்டை ஒட்டிய சரிவு, சொல்லும்படியான இடையேற்றம் கிடையாது. காரணம் அந்த மலை பிறந்த விதம். நீர்த்த எரிமலைக்குழம்பு அடுக்கடுக்காக வெகுதூரம் ஓடி உறைந்ததால் உருவான கேடய எரிமலை அது. அதன் பக்கம் ஒரே சீராகச் சாய்ந்திருக்கும். மடிந்தும் உடைந்தும் எழுந்த மலைத்தொடர்களில் சாலை ஒரு பள்ளத்தாக்கை விட்டு அடுத்ததற்குப் போக நடுவில் ஒரு முகட்டைத் தாண்டியே ஆக வேண்டும். ஹலேயாகலாவின் இறக்கம் பெரிய வியாபாரமாகவே வளர்ந்தது. உயிரிழப்புகளுக்குப் பிறகு 2007இல் தேசியப் பூங்காவுக்குள் அந்த வணிகச் சுற்றுலாக்களை நிறுத்திவிட்டார்கள்.

சரி, உலகம் முழுவதும் இப்படிப்பட்ட வழிகளைக் கணினியைக் கொண்டு தேட முடியுமா? முடியும். அந்தத் தேடலின் கணிதம் இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சாலைகள் எல்லாம் சந்திகளையும் அவற்றை இணைக்கும் துண்டுகளையும் கொண்ட ஒரு வலை. பொதுவாக ஒரு வலையில் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது கணினிக்கு எளிது. போன சந்திக்கே திரும்பிப் போகாமல் மிக நீண்ட வழியைக் கண்டுபிடிப்பது படு கடினம். சந்திகள் கூடக்கூட வேலை கட்டுக்கடங்காமல் பெருகும், இன்றுவரை அதற்குக் குறுக்குவழி தெரியாது. ஆனால் இறக்கத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஒவ்வொரு துண்டிலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டும் ஓர் அம்புக்குறி போடுங்கள். அம்புகளைப் பின்பற்றிப் போகிறவர் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வரவே முடியாது, ஏனென்றால் இறங்கிக்கொண்டே இருந்து பழைய உயரத்தை அடைய வழியில்லை. சுற்று இல்லாத வலையில் நீண்ட வழியைக் காண்பது சுலபம். மிகத் தாழ்ந்த சந்தியில் தொடங்கி, உயர வரிசையில் ஒவ்வொன்றாக மேலே வர வேண்டும். ஒவ்வொரு சந்தியிலும் ஒரே கேள்வி: இங்கிருந்து கீழே போகும் அம்புகளில் எதைப் பிடித்தால் மொத்தத் தூரம் அதிகம்? கீழேயுள்ள சந்திகளுக்கு விடை ஏற்கெனவே தெரியும், ஒரு கூட்டலில் இதற்கும் விடை வந்துவிடும். ஒரு மாவட்டத்தின் சாலை வலை முழுவதையும் சாதாரண மடிக்கணினி நொடிகளில் முடித்துவிடும்.

முடிவைப் பார்த்தால்தான் ஏமாற்றம். பாலத்துக்கு முன்னால் சாலை ஒன்றரை மீட்டர் எழும்பினாலும் கணினி வழியை அங்கே வெட்டிவிடும். நிஜத்தில் நாம் அந்த ஒன்றரை மீட்டரைக் கவனிக்கக்கூட மாட்டோம், வந்த வேகமே ஏற்றிவிடும். எவ்வளவு ஏற்றும்? மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலுள்ள இயக்க ஆற்றல் மூன்றரை மீட்டர் உயரத்துக்குச் சமம். 40 கிலோமீட்டரில் ஆறு மீட்டருக்கு மேல். 50 கிலோமீட்டரில் ஏறத்தாழ பத்து மீட்டர். காற்றும் டயரும் எடுத்துக்கொள்வதைக் கழித்தாலும் சிறிய மேடுகளைத் தாண்ட இது போதும். அப்படியானால் அம்புக்குறியை உயரத்தின்படி போடாமல், உயரமும் வேகமும் சேர்ந்த மொத்த ஆற்றலின்படி போட வேண்டும். மேடு ஏறினால் சுற்று உண்டாகி, கணக்குத் திரும்பவும் கடினமாகிவிடாதா? ஆகாது. மிதிக்காத சைக்கிளின் மொத்த ஆற்றல் உராய்வால் எப்போதும் குறைந்துகொண்டேதான் போகும். ஒரே சந்திக்குத் திரும்பி வந்தாலும் முன்பிருந்ததைவிடக் குறைந்த ஆற்றலோடுதான் வர முடியும். ஆற்றலின் வரிசையில் அடுக்கினால் சுற்று மறைந்துவிடுகிறது. உராய்வைச் சைக்கிள்காரர்கள் எதிரியாகப் பார்க்கிறார்கள். இந்தக் கணக்கைத் தீர்க்கக்கூடியதாக்குவது அந்த உராய்வுதான்.

கணக்கு சரியாக இருந்தாலும் அதற்குக் கொடுக்கும் உயரங்கள் சரியாக இருக்க வேண்டுமே. இணைய வரைபடங்கள் காட்டும் உயரங்களில் பெரும்பகுதிக்கு மூலம் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து எடுத்த ரேடார் அளவீடு. ஓடத்திலிருந்து 60 மீட்டர் நீளக் கம்பத்தை நீட்டி, அதன் முனையில் இரண்டாவது ஆன்டெனாவை வைத்து, இரண்டு கோணங்களிலிருந்து நிலத்தை அளந்தார்கள். உலக நிலப்பரப்பில் 80 விழுக்காடு அதில் அடங்கியது. நம் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் 2005 முதல் இரட்டைக் கேமராவால் எடுத்த படங்களிலிருந்தும் இப்படி ஓர் உயரப்படம் உருவாகி, இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கிறது. இவை 30 மீட்டருக்கு ஓர் உயரம் என்ற கணக்கில் கிடைப்பவை. சமவெளிக்கு இது தாராளம். மலைச்சாலைக்குப் போதாது. 35 பாகை சாய்ந்த மலைப்பக்கத்தில் வெட்டிய சாலையை வரைபடம் பக்கவாட்டில் 15 மீட்டர் தள்ளிக் காட்டினால் உயரம் பத்து மீட்டர் தவறும். அடுத்த புள்ளியில் எதிர்ப்பக்கம் தள்ளினால் அங்கே ஒரு பொய்ப் பள்ளம். சீராக இறங்கும் சாலை திரையில் ரம்பப் பல்லாகத் தெரியும், மொத்த ஏற்றம் என்று நூற்றுக்கணக்கான மீட்டர் கணக்கு வரும். காடு அடர்ந்த இடத்தில் ரேடார் மர உச்சியை நிலம் என்று எடுத்துக்கொள்ளும். மணாலிக்கு வடக்கே 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தைச் சில மென்பொருள்களில் வரைந்தால், சாலை மலையின் முதுகில் ஏறி இறங்குவதாகவே படம் வரும்.

எனவே நான் திரையை மட்டும் நம்புவதில்லை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தாளை எடுத்துக்கொண்டால் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக ஓடும். சாலைக் கோட்டின்மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே அது கோடுகளை எப்படி வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கோட்டை வெட்டி, அடுத்து தாழ்ந்த கோட்டை வெட்டி, இப்படியே சீரான இடைவெளியில் போனால் நல்ல இறக்கம். 3 விழுக்காடு சரிவென்றால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் தாளில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். ஒரே கோட்டை இரண்டாம் முறை வெட்டும் இடத்தில் பென்சிலால் குறி போட வேண்டும், அங்கே ஏற்றம் இருக்கிறது. ஓடையைக் கடக்கும் இடங்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்; ஆற்றின் கரையோடு போகும் சாலைகூட கிளை ஓடைக்கு இறங்கி மறுகரையில் ஏறும். ரயில் போகும் வழியானால் இன்னொரு துணை உண்டு: நம் ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். ஊட்டி நிலையம் 2,203 மீட்டர், மேட்டுப்பாளையம் 326 மீட்டர் என்பவை அப்படித் தெரிந்துகொள்ளக்கூடியவைதான்.

எல்லாப் பலகையும் அந்த அளவுக்கு நம்பத்தக்கதல்ல. லடாக்கின் கர்துங் லா கணவாயில் நின்ற பலகைகள் 18,380 அடி, அதாவது 5,602 மீட்டர் என்று அறிவித்தன. செயற்கைக்கோள் வழிக் கருவிகளால் அளந்தபோது வந்தது 5,359 மீட்டர். 243 மீட்டர் குறைந்தாலும் லே நகரம் வரையிலான நாற்பது கிலோமீட்டர் இறக்கம் அப்படியேதான் இருக்கிறது, சரிவு நாலரை விழுக்காட்டை ஒட்டி. குன்னூர் சாலையோடு ஒப்பிட்டால் சரிவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் காற்றில். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குக்கும் சற்றுக் குறைவு. தடுக்கும் காற்று குறைந்தால் அதே சரிவில் வேகம் 30 விழுக்காடு போலக் கூடும். சமவெளிக் கணக்கில் 38 என்று எதிர்பார்த்த இடத்தில் ஐம்பதை நெருங்கும். லேயிலிருந்து கார்கில் போகும் சாலையில் காந்த மலை என்று ஓர் இடம் இருக்கிறது. வண்டிகள் தாமாக மேட்டில் ஏறுவதுபோல் தோன்றும். சுற்றிலும் மலைச்சரிவுகள் தொடுவானத்தை மறைத்துவிடுவதால் கண் எது மட்டம் என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அது இறக்கம்தான். செங்குத்தாக இறங்கிவந்தபின் லேசான இறக்கம் ஏற்றமாகத் தெரிவதும் இதே மயக்கம். வழியைக் கண்ணால் மதிப்பிட்டவர்கள் சொல்லும் ஏற்ற இறக்கங்களை நான் அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

காற்று அடர்த்தியாலும் வேலை செய்கிறது, திசையாலும் வேலை செய்கிறது. பகலில் வெயில் பட்டு மலைப்பக்கங்கள் சூடாகும்போது காற்று பள்ளத்தாக்கின் வழியாக மேல்நோக்கி ஏறும்; இரவில் குளிர்ந்து கீழ்நோக்கி வழியும். நேபாளத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் இது உச்சத்தில் இருக்கிறது. முற்பகல் கடந்ததும் தெற்கிலிருந்து வீசத் தொடங்கும் காற்று மாலை வரை ஓயாது, ஜோம்சோம் விமானங்கள் காலையிலேயே பறந்து முடித்துவிடுவது அதனால்தான். 3,700 மீட்டருக்கு மேலுள்ள முக்திநாத்திலிருந்து பெனி வரை படத்தில் பிரமாதமான இறக்கம். ஆனால் 2 விழுக்காடு சரிவில் காற்றோடு ஒப்பிட்ட வேகம்தான் 22 கிலோமீட்டர். எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வீசினால் தரையில் மிஞ்சுவது இரண்டு கிலோமீட்டர். மதியம் கிளம்பியவர் இறக்கம் முழுவதும் மிதித்தே இறங்குவார்.

பிரேக் பற்றிச் சொல்லாமல் ஒருவரை மலையிலிருந்து இறக்கிவிடுவது சரியல்ல. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும் 85 கிலோவின் நிலையாற்றல் அடுப்பில் ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அது முழுவதும் எங்கோ வெப்பமாக மாறியே தீரும். காற்றில் மாறினால் கவலையில்லை, பிரேக்கில் மாறினால்தான் தொல்லை. 8 விழுக்காடு சரிவில் வேகத்தை மணிக்கு 15 கிலோமீட்டரிலேயே பிடித்துவைத்தால் பிரேக்குகளில் ஏறும் வெப்பம் 235 வாட். 30 கிலோமீட்டரில் 340 வாட். 45 கிலோமீட்டரிலோ 185 வாட்தான், ஏனென்றால் பெரும்பங்கைக் காற்று எடுத்துக்கொள்கிறது. நடுத்தர வேகம்தான் பிரேக்குக்கு மிக மோசமானது. அது தானாக நிலைக்கும் வேகத்தில் 58 விழுக்காடு என்று கணிதம் துல்லியமாகச் சொல்கிறது. பயந்த ஓட்டுநர் பெரும்பாலும் பிடித்துக்கொள்வது அந்த வேகத்தைத்தான். நேர்ச்சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து மார்பில் காற்று வாங்கி, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து விட்டுவிடுவதே முறை. கொண்டை ஊசிகள் நெருங்கி வருமிடத்தில் 15க்குக் கீழே இறங்கிவிடலாம், நேரம் ஆனால் ஆகட்டும். ரப்பர் பிரேக் கட்டையின் முகம் கண்ணாடிபோல் மினுங்கினால் அது வெந்துவிட்டது. உப்புத்தாளில் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் பிடிக்காது. ரிம் சூடானால் உள்ளே டியூபின் காற்றழுத்தம் ஏறும். எண்ணெய் டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டினால் லீவர் கைப்பிடி வரை வரும், சக்கரம் நிற்காது. பிரேக் தளர்வதாகத் தோன்றிய முதல் கணமே ஓரம் கட்டி ஆறவிட வேண்டும்.

எதிரே வருகிறவர்களும் இருக்கிறார்கள். பொலிவியாவில் லா பாஸ் நகரத்துக்கு மேலே 4,600 மீட்டருக்கு மேலுள்ள லா கும்ப்ரே கணவாயிலிருந்து யுங்காஸ் காடுகளுக்குள் 1,200 மீட்டர் வரை இறங்கும் சாலை, அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உலகின் மிகப் பெரிய இறக்கங்களில் ஒன்று அது. 2006இல் மாற்றுச் சாலை திறந்தபின் பழைய பகுதி பெரும்பாலும் சைக்கிள்காரர்களுக்கே விடப்பட்டது. பொலிவியா முழுக்க வண்டிகள் வலப்பக்கம் போகும், அந்தச் சாலையில் மட்டும் இடப்பக்கம். இறங்கும் ஓட்டுநர் பள்ளத்தின் ஓரத்தில் இருந்து, தன் வெளிச்சக்கரம் விளிம்பில் எங்கே இருக்கிறது என்று தலையை நீட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. வழிவிட வேண்டியவரும் அவரே. நம் மலைச்சாலைகளிலும் விதி அதுதான்: அகலம் போதாத இடத்தில் ஏறுகிற வண்டிக்கு முதல் உரிமை. சுமையோடு ஏறும் லாரி வளைவின் நடுவே ஒருமுறை நின்றுவிட்டால் முதல் கியரில் திரும்பக் கிளப்புவதற்குள் பின்னுக்கு உருளும். இறங்குகிற சைக்கிள்காரர் நின்று திரும்பக் கிளம்ப பிரேக்கை விட்டாலே போதும்.